தரங்கம்பாடிக்கு உகந்த பருவம் எது?

சென்ற ஏப்ரல் மாதத்தில் தாராவியைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் மாட்டுங்கா கிளைக்கு வந்து, தமது தொடர் வைப்பை முன்கூட்டியே முடித்துத் தருமாறு கேட்டார். காரணம் வினவினோம். ஐரோப்பியர் எழுப்பிய பழைய நகரம் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவதாகவும், ரோமாபுரிக்கோ பாரிசுக்கோ போகும் வசதி இல்லாததால் புதுச்சேரிக்கும் தரங்கம்பாடிக்கும் போகவிருப்பதாகவும் சொன்னார். எப்போது என்றோம். மே மாதம் இரண்டாவது வாரம் என்றார்.

வைப்பை முறிக்க வேண்டாம், பிப்ரவரி வரை பொறுங்கள் என்று அவரிடம் சொன்னோம். அதற்கான காரணங்களை மற்ற வாடிக்கையாளர்களும் அறிந்துகொள்வது நல்லது என்று தோன்றியதால் இக்கட்டுரை.

மும்பைத் தமிழர்களாகிய நாம் மழையைப் பற்றி ஒரு பிழையான கணக்கை மனத்தில் வைத்திருக்கிறோம். இங்கே ஜூன் மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் இறுதியில் ஓய்கிறது. சயான், குர்லா, செம்பூர் தாழ்வுப் பகுதிகளில் தேங்கிய நீரெல்லாம் வடிந்து, அக்டோபரில் வானம் வெளுத்துவிடுகிறது. அதைத் தொடர்ந்து தீபாவளி விடுமுறை. மழை முடிந்தது, ஊருக்குப் புறப்படலாம் என்று பெட்டியைக் கட்டுகிறோம். ஆனால் சோழமண்டலக் கரையில் மழை தொடங்குவதே அப்போதுதான். அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; அதில் நவம்பரே உச்சம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையேறியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் உருக்குலைத்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிற்று.

இந்தக் கணக்கை நானூறு ஆண்டுகளுக்கு முன் வந்த டேனியர்கள் நம்மைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். 1620ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, ஓவ கெட்ட என்ற கடற்படைத் தலைவர் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையை அமைத்தார். அந்தக் கரையில் கப்பல்கள் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சிவிட்டுப் படகுகளில் சரக்கையும் ஆட்களையும் இறக்கவேண்டும். ஆகவே தென்மேற்குக் காற்றைப் பற்றிக்கொண்டு கோடையில் வந்து சேர்வதும், ஐப்பசி பிறக்குமுன் கரையை விட்டு விலகுவதும் பாய்மரக் கப்பல்களின் வழக்கமாயிற்று. சீகன்பால்கு என்னும் இளம் ஜெர்மானியப் போதகர் 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனில் கப்பலேறி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். இந்த வழக்கத்தை மீறியவர்கள் பட்டார்கள். 1746இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே அக்டோபர் நடுவிலும் அங்கேயே தங்கியிருந்தார்; ஒரே இரவுப் புயலில் அவருடைய கப்பல்கள் பல மூழ்கின. 1761ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயர் கப்பல்களுக்கும் அதே கதி.

இவ்வளவையும் ஏட்டில் படித்திருந்தும், நாங்கள் ஒரு தீபாவளிக்குத்தான் தரங்கம்பாடிக்குப் போனோம் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

எங்கள் தந்தையார் பொறையாற்றில் பிறந்தவர். அங்கிருந்து தரங்கம்பாடி கூப்பிடு தொலைவு. சிறுவனாகக் கோட்டைச் சுவரில் ஏறிக் கடலைப் பார்த்த கதையை எங்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பலமுறை சொல்லியிருக்கிறார். இளவயதில் மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் வேலைக்குச் சேர்ந்தவர், உறவினர் அனைவரும் ஊரைவிட்டு நகர்ந்தபின் அந்தப் பக்கம் போகவேயில்லை. எண்பத்தோராம் வயதில், ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார். பள்ளிக்கும் வங்கிக்கும் ஒருசேர விடுமுறை கிடைத்தது தீபாவளியில்தான். புறப்பட்டோம்.

காரைக்காலில் விடுதி எடுத்தோம். நான்கு நாள் மழை விடவில்லை. மின்சாரம் போய்விட்டது, கைப்பேசியில் பணம் செலுத்தவும் வழியில்லை, தானியங்கி இயந்திரமும் வேலை செய்யவில்லை. வங்கி அதிகாரியின் குடும்பம், பையில் எண்ணூறு ரூபாயுடன் விடுதிக்காரரிடம் கடன் சொல்லி உணவு வாங்கிற்று. தந்தையாருக்குச் சளி கட்டிக்கொண்டது. கோட்டையை வண்டிக் கண்ணாடி வழியாகக் கூடச் சரியாகப் பார்க்காமல் திரும்பினோம். ரயிலில் வரும்போது எங்கள் சகோதரி, "ஐப்பசி அடைமழை என்று உங்களுக்குத் தெரியாதா அப்பா? முன்னமே சொல்லியிருக்கலாமே" என்று கேட்டாள். "தெரியும் அம்மா. சொன்னால் பயணத்தை ஒத்திப்போடுவீர்கள். அப்புறம் எப்போது போவது என்றுதான் பேசாமல் இருந்தேன்" என்றார்.

சரி, மே மாதம் ஏன் கூடாது? ரோம் நகரத்தில் மே இளவேனிற்காலம். நம் பள்ளி விடுமுறை அதனோடு பொருந்துகிறது. (அங்கும் எல்லா மாதமும் நல்ல மாதமல்ல. வெனிஸ் நகரில் 2019 நவம்பர் 12 அன்று கடல் 187 செ.மீ. உயர்ந்து தேவாலயத்திற்குள்ளேயே புகுந்தது. நவம்பர் அவர்களுக்கும் ஆகாத மாதம் போலும்.) தரங்கம்பாடியிலோ மே முழுவதும் அக்கினி நட்சத்திரம். அது நடந்து பார்க்க வேண்டிய ஊர்; 1792இல் கட்டிய நகர வாயிலிலிருந்து ராஜ வீதி வழியாகக் கோட்டை வரை நிழல் குறைவு. காலை எட்டரை மணிக்கே குழந்தைகள் வாடிவிடும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் அவ்வளவு மோசமில்லை. ஜூலை 14 அன்று புதுச்சேரியில் நடக்கும் பிரெஞ்சு தேசிய நாள் விழாவைக் காண விரும்புவோர் வெயிலைப் பொறுத்துக்கொண்டு போகலாம். ஆனால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. மும்பையிலிருந்து அப்பக்கம் செல்லும் ரயில்களில் இடம் கிடைப்பது அரிது.

ஆக, எஞ்சுவது பொங்கல் கூட்டம் ஓய்ந்த ஜனவரிப் பிற்பகுதி முதல் மார்ச் முற்பகுதி வரை. விடியலில் மெல்லிய குளிர், பகலில் தாங்கக்கூடிய வெயில், அமைதியான கடல். கடல் அமைதியாக இருப்பது இங்கே முக்கியம். 1306ஆம் ஆண்டு மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலைகள் கொண்டுபோய்விட்டன. எஞ்சியதை நிதானமாக நின்று பார்க்க அலை தணிந்திருக்க வேண்டும். சீகன்பால்கு 1718இல் கட்டி முடித்து, மறு ஆண்டே அடக்கம் செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தையும் பாருங்கள். அவர் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது இவ்வூரில்தான். 1845இல் டேனியர்கள் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றார்கள். இன்று அந்தத் தொகைக்கு மாட்டுங்காவில் ஒரு பெட்டிக்கடை கூடக் கிடைக்காது.

ஒரே தொல்லை, அந்த வாரங்களில் பள்ளி விடுமுறை இல்லாததுதான். குடியரசு நாள் சனி ஞாயிற்றை ஒட்டி வரும் ஆண்டுகளில் இரண்டு மூன்று நாள் விடுப்பு எடுத்தால் போதும். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த ஆண்டு விட்டுவிடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. நவம்பர் இறுதியிலேயே விழிப்பாக இருக்க வேண்டும். செம்பூர்வாசிகளுக்கு அருகிலுள்ள லோக்மான்ய திலக் முனையத்திலிருந்து காரைக்காலுக்கு வாராந்திர விரைவு ரயில் உண்டு. தாதரிலிருந்து புதுச்சேரிக்கும் ரயில் செல்கிறது. புறப்படும் நாள்களை அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். செலவுக்குப் பிப்ரவரியிலேயே ஓராண்டுத் தொடர் வைப்பு தொடங்கிவிட்டால், மாதம் 4,000 ரூபாய் வீதம் 48,000 ரூபாயும் வட்டியும் உரிய வேளையில் கைக்கு வரும். கொஞ்சம் ரொக்கமும் கொண்டுபோங்கள். இது பட்டறிவு.

எங்கள் தந்தையாருக்கு மருத்துவர் மறுபடியும் நீண்ட பயணத்திற்கு ஒப்புதல் தர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இம்முறை ஜனவரி இறுதி. வெயில் ஏறுமுன் கோட்டைக்குப் போய்விட்டோம். சுவரில் ஏற அவரால் முடியவில்லை. கடலைப் பார்த்த கல் ஒன்றில் கைத்தடியைச் சாய்த்துவைத்துவிட்டு அமர்ந்தார். கரை முன்னைவிடக் கிட்டே வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். பேரன் அலைகளோடு ஓடி விளையாடினான். பத்து மணி சுமாருக்குத்தான் அவராகவே எழுந்து, பொறையாற்றில் நல்ல காப்பி கிடைக்குமா பார்க்கலாம் என்றார்.