மீனுக்கு முன்பே குடியேறுபவை

நெம்மேலியில் 2013 முதல் ஓர் ஆலை கடல்நீரின் உப்பை நீக்கி நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரித்துத் தென்சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. தாம்பரத்தில் கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர் செய்வது நேர் எதிரான வேலை. ஆர்ஓ தண்ணீரைப் பிடித்து, லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பைக் கரைக்கிறார். சமையல் உப்பு இதற்கு ஆகாது. மெக்னீசியம், கால்சியம், கார்பனேட் எல்லாம் சேர்ந்த, இதற்கென்றே விற்கும் கலவை வேண்டும். பக்கத்தில்தானே கோவளம், இரண்டு கேனில் பிடித்துவந்தால் என்ன என்று தோன்றும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோரத்து நீரில் ஆற்று வெள்ளமும் நகரத்துக் கழிவும் கலந்திருக்கும். உப்பின் அளவும் அன்றன்றைக்கு மாறும்.

உப்பு கரைந்து, மோட்டார் ஓடி, ஒரு நாளில் தண்ணீர் பளிங்காகத் தெளிந்துவிடுகிறது. உடனே மீன் வாங்கக் கை துறுதுறுக்கும். ஆனால் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் இந்த நீரில் மீனை விட்டால், அதன் செவுள் வழியே வெளியேறும் அம்மோனியா அதையே கொல்லும். கடல்நீர் காரத்தன்மை கொண்டது. காரமும் வெப்பமும் கூடக்கூட, அம்மோனியாவில் மின்னேற்றம் இல்லாத வடிவத்தின் பங்கு கூடும். செவுளைத் துளைத்து உள்ளே போவது அந்த வடிவம்தான். தாம்பரத்து மே மாதத்தில் இந்தக் கணக்கு இன்னும் மோசம்.

கடலில் இந்த அம்மோனியாவைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்கள் இருக்கின்றன. புதுத் தொட்டியில் இல்லை. வெளிநாடுகளில் பலர் கடலில் கிடைக்கும் உயிர்ப்பாறையை (பெரும்பாலும் பழைய பவளக்கூடு), அதன் துளைகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்களோடு வாங்கி வைத்துக் காத்திருப்பைக் குறைத்துக்கொள்கிறார்கள். இங்கே 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றை உடைத்து எடுப்பதும் விற்பதும் குற்றம். சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். அதனால் இங்கே தொடக்கம் பெரும்பாலும் வெறும் பீங்கான் துண்டுகளிலிருந்துதான். மீனுக்குப் பதிலாகச் சில சொட்டு அம்மோனியம் குளோரைடு விடுகிறார்கள். அல்லது மார்க்கெட்டில் வாங்கிய ஒரே ஓர் இறாலைப் போட்டு அழுகவிடுகிறார்கள். வீட்டில் மற்றவர்கள் சம்மதித்தால்.

பிறகு டெஸ்ட் கிட்டும் பொறுமையும்தான். அம்மோனியா ஏறி நிற்கும். ஒரு நாள் அது இறங்க, நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட்டும் இறங்க, நைட்ரேட் மிஞ்சும். பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

இந்தத் தாமதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1877-இல் தியோஃபில் ஷ்லோசிங், அஷில் முன்ட்ஸ் என்ற பிரெஞ்சு அறிவியலாளர்கள், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரைச் சொட்டவிட்டார்கள். அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே மாறியிருக்க வேண்டும். 20 நாள் எதுவும் நடக்கவில்லை. அதன்பின் நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் நின்றுபோனது. மண் கழுவிய நீரை ஊற்றினால் மீண்டும் தொடங்கியது. மயக்க மருந்துக்கு மணல் மயங்காது. உள்ளே உயிர் இருக்கிறது என்று காட்டியவற்றில் அந்த 20 நாள் தாமதமும் ஒன்று.

இதில் ஈடுபடுவது ஒரு கூட்டமல்ல, அடுத்தடுத்து வேலை செய்யும் இரண்டு கூட்டங்கள் என்பதை வினோகிராட்ஸ்கி என்ற நுண்ணுயிரியலாளர் 1890 வாக்கில் பிரித்துக் காட்டினார். ஏன் இவ்வளவு மெதுவாகப் பெருகுகின்றன? இட்லி மாவு ஒரே இரவில் பொங்குகிறது. அங்கே பாக்டீரியாவுக்கு மாவுச்சத்தே விருந்து. இவற்றுக்கு அந்த வசதி இல்லை. அம்மோனியாவை எரித்துக் கிடைக்கும் சொற்ப ஆற்றலைக் கொண்டு, நீரில் கரைந்த கரியமில வாயுவிலிருந்து தம் உடலைத் தாமே கட்ட வேண்டும். ஒன்று இரண்டாக அரை நாளோ ஒரு நாளோ அதற்கு மேலுமோ ஆகும். இரண்டாம் கூட்டத்தின் பாடு இன்னும் கஷ்டம்: நைட்ரைட்டை எரித்தால் கிடைப்பது அம்மோனியா தருவதில் கிட்டத்தட்ட கால் பங்கு. நைட்ரைட் இறங்காமல் நாள்கணக்கில் அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல வேளையாக, கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு, செவுளில் நைட்ரைட் நுழையவேண்டிய வழியை அடைத்துக்கொள்கிறது. நன்னீர் மீனுக்கு இருக்கும் அளவு ஆபத்து கடல்மீனுக்கு இல்லை.

தொட்டிகள் அறிவியலுக்குக் கடனைத் திருப்பியும் தந்திருக்கின்றன. அம்மோனியாவை உண்பவை பாக்டீரியாக்கள் மட்டுமே என்று நூறாண்டுக்கு மேல் எண்ணியிருந்தார்கள். 2005-இல் சியாட்டில் நகர மீன் காட்சியகத்தில், ஒரு வெப்பமண்டலக் கடல் தொட்டியின் சரளைக்கல்லிலிருந்து நைட்ரோசோபியூமிலஸ் மாரிட்டிமஸ் என்ற உயிரைப் பிரித்தெடுத்தார்கள். அது பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்னும் தனி வகை. அதன் உறவினர்கள் உலகக் கடல்களெங்கும் ஏராளமாக இருக்கின்றன.

காத்திருக்க மனமில்லாமல், முரட்டு மீன் என்று பெயரெடுத்த டாம்செலை முதலில் இறக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது பிழைக்கலாம், செவுள் வெந்தபடி. எனக்கு இதில் உடன்பாடில்லை. பாட்டிலில் விற்கும் பாக்டீரியா உயிரோடு இருந்தால் நிச்சயம் உதவும். வெயிலில் லாரியேறி வந்த பாட்டிலில் எவ்வளவு உயிர் மிஞ்சியிருக்கும் என்பது வேறு கேள்வி.

வளர்ந்துவிட்ட கூட்டத்துக்கும் எதிரி உண்டு. அம்மோனியாவை எரிக்க அவற்றுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பக்கம் வெள்ளமும் மின்வெட்டும் நீடித்தது போல் ஆனால், மூடிய பில்டருக்குள் நிற்கும் நீரில் முதலில் திணறுவது இவைதான். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. கோடையில் நீர் ஆவியாகிக் குறைந்தால் வெறும் ஆர்ஓ தண்ணீரையே ஊற்ற வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டி, புதிதாக விட்ட அம்மோனியா ஒரே நாளில் காணாமல் போனால் தொட்டி தயார். அதில் சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்க ஒரு பெரிய பங்கு நீரை மாற்றிவிட்டு, முதல் மீனை விடலாம். கோமாளி மீன் என்றால், கடலில் பிடித்ததைவிடப் பண்ணையில் பிறந்தது மேல். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் அவற்றைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. ஒரே ஒரு மீன் இருந்தால் நுண்ணுயிர்க் கூட்டமும் நாளடைவில் அந்த ஒன்றின் கழிவுக்கு ஏற்ற அளவுக்குச் சுருங்கிவிடும். இரண்டாவது மீன் வாங்குவதற்குச் சில வாரம் இடைவெளி விடச் சொல்வது அதனால்தான்.