இசைத்தட்டுகளுக்கு எத்தனை பக்கம்?

எங்கள் தெருவில் பழைய வீடு ஒன்றை இடித்துவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டுகிறார்கள். வீட்டைக் காலி செய்த நாளில், பழைய காகிதம் வாங்குபவரின் வண்டியில் செய்தித்தாள் கட்டுகளுக்கு அடியில் சதுரமான அட்டை உறைகள் துருத்திக்கொண்டு தெரிந்தன. நிறுத்திப் பார்த்தேன். அத்தனையும் கர்நாடக இசைத்தட்டுகள், மொத்தம் 41. அட்டைக்கு எடைக்கு எடை விலை உண்டு, உள்ளே இருக்கும் கறுப்புத் தட்டை யாரும் எடுப்பதில்லை என்றார் அவர். கேட்ட தொகையைக் கொடுத்து வாங்கிவந்தேன். விலைக் கோட்பாட்டை ஆண்டுக்கணக்கில் வகுப்பறையில் கற்பித்தவனுக்கு, பேரம் பேச அன்று நா எழவில்லை.

இசைத்தட்டு சேகரிப்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கைப்பேசியில் எல்லாம் கிடைக்கும்போது இது எதற்கு என்று என் பிள்ளைகளும் கேட்கிறார்கள். எல்லாம் கிடைக்கவில்லை என்பதுதான் அதற்கு விடை.

தொடக்க கால இசைத்தட்டுகள் அரக்கால் ஆனவை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு புறம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். தோடியை மணிக்கணக்கில் வாசிக்கக்கூடிய திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் அந்த அளவுக்குள்தான் தம் நாகஸ்வரத்தை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நிரவலுக்கு இடமில்லை, கற்பனை ஸ்வரம் இரண்டு ஆவர்த்தனம் வந்தால் பெரிது. அந்தச் சுருக்கத்திலும் ஓர் அழகு இருந்தது என்பேன். ராகத்தின் உயிர்நாடியை முதல் பிடியிலேயே காட்டிவிடும் கலையை அந்தத் தலைமுறை பயின்றிருந்தது.

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம், வினைல் என்னும் நெகிழிப் பொருளால் ஆன, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் 'எல்.பி.' தட்டை வெளியிட்டது. பள்ளங்கள் நுண்மையாயின, ஒரு புறமே இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடியது. விரிவான ஆலாபனையும் நிரவலும் தட்டுக்குள் இடம்பெற்றது அதன் பிறகே. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் வந்தது. 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவையில் அவர் பாடிய கச்சேரியும் இசைத்தட்டாயிற்று. ராம்நாட் கிருஷ்ணன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்த காலத்தில், 1960-களின் இறுதியில், 'நன்சச்' என்ற அமெரிக்க நிறுவனம் அவருடைய பாட்டைத் தட்டாக வெளியிட்டது. பாடாந்தர சுத்தத்துக்குப் பெயர்பெற்ற ஒரு வித்வானின் அருமையான பதிவைக் கேட்க, நாம் அமெரிக்க உறையைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

தட்டில்தான் ஒலி உயர்ந்தது என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். தட்டின் விளிம்பில் ஊசிக்கு அடியில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. நடுப்பகுதிக்கு அருகே அதில் பாதிகூட இல்லை. ஆகவே ஒரு புறத்தின் கடைசிப் பாடலில் மேல் ஸ்தாயி சற்றே கரகரக்கும். இது இயற்பியல், ரசனையால் மாற்றிவிட முடியாது. ஆனால் தட்டை எடுத்துத் தூசி தட்டி, ஊசியை இறக்கியவன் இருபது நிமிடம் எழுந்து போவதில்லை. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

பராமரிப்பில் பலர் செய்யும் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வினைலைத் துடைக்கும் சாராயக் கலவையால் 78 சுழற்சித் தட்டைத் துடைக்கக் கூடாது. அரக்கு சாராயத்தில் கரையும். பாட்டும் அதோடு போய்விடும். எந்தத் தட்டையும் படுக்கையாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்த வேண்டும். வெயில் படும் அலமாரியில் வினைல் கோணிவிடும்.

இனி விலைக்கு வருவோம். பழைய தட்டுச் சந்தையில் இளையராஜாவின் திரை இசைத்தட்டுக்கு இருக்கும் மதிப்பு, நான் பார்த்தவரை, செவ்வியல் தட்டுகள் பலவற்றுக்கு இல்லை. இதில் குறை காண ஒன்றுமில்லை. விலை என்பது வேண்டுவோரின் எண்ணிக்கையைச் சொல்லுமே தவிர, பொருளின் அருமையை அன்று. வேண்டுவோர் குறைந்த, ஆனால் மீண்டும் உருவாக்கவே இயலாத ஒரு பொருளைச் சந்தையின் பொறுப்பில் விட்டால் அது காகித வண்டிக்குத்தான் போகும். இத்தகைய இடத்தில் அரசு தலையிட வேண்டும் என்பது எங்கள் துறையின் பாலபாடம்.

புத்தகங்களுக்கு அப்படியொரு ஏற்பாடு உண்டு. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் சென்றாக வேண்டும். 1956-இல் செய்தித்தாள்களும் சேர்க்கப்பட்டன. அச்சிட்ட இசைக் குறிப்புத் தாளையும் 'நூல்' என்ற சொல்லுக்குள் அச்சட்டம் அடக்குகிறது. அதே இசையைப் பாடிப் பதிவுசெய்த தட்டை அது அடக்கவில்லை. ஸ்வரம் எழுதிய தாளுக்குக் காப்பு உண்டு, குரலுக்கு இல்லை.

பதிப்புரிமைச் சட்டமோ ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுக் காவல் தருகிறது. 1963-இல் வெளியான ஒலிப்பதிவின் மீதான உரிமை 2023 இறுதியோடு முடிந்தது. அதன் பின் அது பொதுச் சொத்து. ஆனால் படியே எஞ்சாத ஒன்றைப் பொதுச் சொத்து என்று அறிவித்து யாருக்கு என்ன பயன்? பிரான்சில் ஒலிப்பதிவுகளுக்கும் கட்டாயப் படி வழங்கும் முறை இருக்கிறது. இங்கு அந்த வேலையைத் தனியார் ஆர்வலர்கள் தம் கைப்பொருளில் செய்கிறார்கள். மும்பையிலுள்ள இசைத்தட்டு சேகரிப்போர் சங்கம் பழைய 'ஓடியன்' தட்டுகளைப் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் எண்மமாக்கியது. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'ஒலிப்பதிவு' என்ற ஒரு சொல்லைச் சேர்ப்பதும், நான்கு நூலகங்களில் குளிரூட்டிய ஓர் அறையை ஒதுக்குவதும் அரசுக்குத் தாங்க முடியாத செலவல்ல.

அந்த 41 தட்டுகளில் ஆறு என்னிடம் ஏற்கெனவே இருந்தவை. அவற்றைப் பொது நூலகம் ஒன்றுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். நன்கொடைப் பதிவேட்டைத் திறந்து தலைப்பை எழுதினார், ஆசிரியர் என்ற இடத்தில் பாடகரின் பெயரை எழுதினார், அடுத்த கட்டத்தில் பேனாவை நிறுத்தி, "எத்தனை பக்கம் சார்?" என்று கேட்டார்.

இரண்டு பக்கம் என்றேன். ஆறு தட்டுகளும் இப்போது மீண்டும் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.