சுழல மறுக்கும் சலவை இயந்திரம்



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் உலர்வதில்லை. அத்தகைய நாளில் சலவை இயந்திரம் துணியைத் துவைத்துவிட்டுப் பிழியாமல் நின்றுவிடுமானால், இல்லத்தில் எழும் சங்கடம் சிறிதன்று. நனைந்த போர்வையை முறுக்கிப் பிழியும் பாடு பெரும்பாலும் தாய்மாரையே சேர்கிறது. "அளவுக்கு மீறித் திணித்திருப்பாய்" என்ற பழியும் அவர்களையே சேர்கிறது. பிறகு பழுது பார்ப்பவர் வந்து, "மோட்டார் போய்விட்டது" என்று சொன்னால், மறுவார்த்தையின்றிப் பணத்தை எண்ணி வைக்கிறோம்.

மோட்டாரை ஐயுறுவது கடைசிப் படியாக இருக்க வேண்டும். அதற்கு முன் ஆராய வேண்டியவை பல உள. அவற்றுட் சில காசு செலவின்றி நாமே சரிசெய்யக்கூடியவை. எளியதிலிருந்து அரியதற்கு, வெளியிலிருந்து உள்ளே என்ற ஒழுங்கில் அவற்றைக் காண்போம்.

சுழற்சியின் வலிமை

இரட்டைத் தொட்டி இயந்திரத்தில், 'டிரையர்' என்று வீடுகளில் வழங்கும் சிறு தொட்டி நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,300 முறை சுழல்கிறது. அவ்வேகத்தில் துணியானது தன் எடையைப் போல் சுமார் 200 மடங்கு விசையுடன் தொட்டியின் சுவரில் அழுத்தப்படுகிறது. துணி தங்க, நீர் மட்டும் துளைகளின் வழியே வெளியேறுகிறது. எனவே அரை கிலோ ஈரத்துணி ஒருபுறமாக ஒதுங்கிவிட்டால், 100 கிலோ பாரம் அப்பக்கம் இழுப்பதற்கு அது ஒப்பாகும். தொட்டி தடதடவென்று ஆடுவதும் சுழலாமல் நிற்பதும் இதனாலேயே.

ஆதலின் முதற்படி, துணிகளை எடுத்து உதறி, நாற்புறமும் சமமாகப் பரப்பி வைப்பதாகும். தனியொரு கனத்த போர்வையை மட்டும் போடாமல், உடன் வேறு துணிகளையும் சேர்க்க வேண்டும். இயந்திரத்தின் நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிந்துள்ளனவா என்றும் பார்க்க வேண்டும்.

இரட்டைத் தொட்டி இயந்திரம்

இதில் துவைப்பதற்கு ஒரு மோட்டாரும் பிழிவதற்கு வேறொரு மோட்டாரும் உண்டு. எனவே துவைக்கும் பக்கம் நன்றாக ஓடுகிறது என்பதைக் கொண்டு பிழியும் பக்கத்தைப் பற்றி முடிவு கூற இயலாது. மூடியை நன்றாக மூடி, டைமரைத் திருப்பிவிட்டுச் செவி கொடுத்துக் கேளுங்கள்.

ஓசையே இல்லையெனில், மோட்டாருக்கு மின்சாரம் சென்று சேரவில்லை என்று கொள்ளலாம். மூடியின் கீழுள்ள ஸ்விட்ச், டைமர், எலி கடித்த கம்பி ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கக்கூடும்.

'உம்' என்ற உறுமல் கேட்டும் தொட்டி அசையவில்லையெனில், உடனே நிறுத்திவிடுங்கள். அப்படியே உறுமவிட்டால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். சிறு செலவு பெருஞ்செலவாவது இவ்விடத்தில்தான். இதற்குக் காரணங்கள் நான்கு. முதலாவது, காலுறை, கைக்குட்டை போன்ற சிறு துணி தொட்டிக்கு அடியில் நழுவிச் சிக்கியிருக்கலாம். துணியின்மேல் வைக்கும் வட்ட மூடியைத் தவறாமல் வைத்தால் இது நேராது. இரண்டாவது, பிரேக். மூடியைத் திறந்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும். மூடினால் ஒரு கம்பி அதனை இழுத்து விலக்கும். அக்கம்பி தளர்ந்தாலோ அறுந்தாலோ பிரேக் விலகாது. மூன்றாவது, மோட்டாருக்குத் தொடக்க விசை அளிக்கும் கெபாசிட்டர் வலுவிழந்திருக்கலாம். இதன் விலை மோட்டாரின் விலைக்கு முன் மிக அற்பம். மாற்றும்போது, பழையதன்மேல் அச்சிட்டுள்ள அளவுகளையே பார்த்து வாங்க வேண்டும். நான்காவது, மின்னழுத்தக் குறைவு. 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180 மட்டுமே இருந்தால், மோட்டாரின் சுழற்று விசை ஏறக்குறைய 60 விழுக்காடாகக் குறைந்துவிடும். மாலையில் ஓடாத இயந்திரம் காலையில் ஓடுமாயின், குற்றம் இயந்திரத்தினுடையதன்று.

தானியங்கி இயந்திரம்

இங்கே முதற்கேள்வி, தொட்டியில் நீர் தேங்கியுள்ளதா என்பது. நீர் முற்றும் வடியாமல் இவ்வியந்திரம் பிழியத் தொடங்காது. நீர் போகும் குழாய் மடிந்துள்ளதா, அடைத்துள்ளதா, வேண்டிய அளவுக்கு மேல் உயர்த்தி வைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். முன்புறம் கதவுள்ள இயந்திரமாயின், கீழ்மூலையில் ஒரு வடிகட்டி இருக்கும். பொத்தான், ஊக்கு, நாணயம் முதலியன அங்கேதான் அடைக்கலம் புகுகின்றன. சுடுநீர் ஆறிய பின்னர், கீழே துணி விரித்து, அதனை மெல்லத் திறந்து துப்புரவு செய்யலாம்.

அடுத்து, கதவு அழுத்தமாகப் பூட்டிக்கொள்கிறதா, 'பிழிய வேண்டாம்' என்னும் அமைப்பில் தவறுதலாக வைத்துள்ளோமா என்பவற்றையும் நோக்க வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தும், மோட்டார் ஓடும் ஓசை கேட்டுத் தொட்டி மட்டும் சுழலவில்லையெனில், பெல்ட் தளர்ந்தோ அறுந்தோ இருக்கலாம். மேற்புறம் திறக்கும் இயந்திரங்கள் பலவற்றில், நீரை வெளியேற்றும் சிறு மோட்டாரே துவைப்பிலிருந்து பிழிதலுக்கு மாற்றும் வேலையையும் செய்கிறது. அது கெட்டால் நீரும் வடியாது, தொட்டியும் சுழலாது.

எச்சரிக்கை

எதைத் தொடுவதாயினும் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பின்பக்க மூடியைக் கழற்றும் வேலை பயிற்சி பெற்றவருக்கே உரியது. மின்சாரத்தை நிறுத்திய பின்பும் கெபாசிட்டர் மின்னேற்றத்தைத் தன்னுள் வைத்திருக்கக் கூடும்.

மூடி ஸ்விட்ச் கெட்டதென்று அதை அழுத்தி ஒட்டிவைத்து, மூடி திறந்தபடியே ஓட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இதனை ஒருபோதும் செய்யாதீர்கள். சுழலும் தொட்டியில் குழந்தை கையை நுழைத்துவிட்டால், துணி கையைச் சுற்றி முறித்துவிடும். மூடியைத் திறந்தபின் தொட்டி சில நொடிகளுக்குள் நிற்கவில்லையெனில், பிரேக்கைச் சரிசெய்யும்வரை அதைப் பயன்படுத்தலாகாது.

பழுது பார்ப்பவரை அழைக்கும்போது, "ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். நீர் வடிந்ததா, உறுமல் கேட்டதா, கருகிய வாடை வந்ததா என்று முறையாகச் சொல்லுங்கள். அவர் எதையேனும் மாற்றினால், கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இல்லத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. அறுந்த பிரேக் கம்பிக்கும், வலுவிழந்த கெபாசிட்டருக்கும், மாலைநேர மின்னழுத்தத்திற்கும் உங்கள் துணைவியார் பொறுப்பாளி அல்லர். பழி கூறுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வடிகுழாயைக் குனிந்து பாருங்கள். இயந்திரம் சீராகும் வரையில், போர்வையின் மறுமுனையை நீங்களும் பிடித்துப் பிழியுங்கள்.