படத்தின் பின்னுள்ள கை

ஓவியத்தைக் காண்போர், அதனை வரைந்தவர் யார் என்று வினவுவர். நிழற்படத்தையும் தொலைக்காட்சியையும் காண்போர் பெரும்பாலும் அவ்வாறு வினவுவதில்லை. கண்ணாடியில் உருவம் தெரிவதுபோல், உண்மை தானே வந்து பதிந்தது என்று நம்பிவிடுகின்றனர். அந்நம்பிக்கை முற்றும் பொருந்தாது என்பதை இரு கலைஞர்களின் கண்காட்சிகள் உணர்த்துகின்றன.

முதல்வர், அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் (1928–1999). 1945 ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட் மறைந்தபோது இவருக்கு வயது 16. அச்செய்தி தாங்கிய நாளிதழ்களுக்கிடையே சோர்ந்து அமர்ந்திருந்த நியூயார்க் வியாபாரி ஒருவரை இவர் படமெடுத்தார். 'லுக்' என்னும் இதழ் அப்படத்தை விலைக்கு வாங்கியது. வியாபாரியின் முகத்தில் துயரம் மிகுந்து தோன்றும்படி குப்ரிக்கே தூண்டினார் என்பர். அஃது உண்மையாயின், செய்தி நிகழ்ந்தது, முகமோ அமைக்கப்பட்டது. இயக்குநரின் கை அன்றே தொழிலைத் தொடங்கிவிட்டது எனலாம். 1949இல் அவ்விதழில் வந்த குத்துச்சண்டை வீரர் வால்ட்டர் கார்ட்டியரின் படத்தொடரே, 1951இல் வெளியான இவரது முதற் குறும்படத்துக்கு வித்தாயிற்று. 2018இல் நியூயார்க் நகர அருங்காட்சியகம் இவருடைய இளமைக்காலப் படங்களைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தது.

மற்றவர், சியோலில் பிறந்த நாம் ஜூன் பைக் (1932–2006). காணொளிக் கலையின் முன்னோடி என இவரைப் போற்றுவர். 1963இல் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், உள்ளமைப்பை மாற்றிய தொலைக்காட்சிப் பெட்டிகளை இவர் காட்சிக்கு வைத்தார். 1965இல் ஒரு பெட்டியின்மேல் பெரிய காந்தத்தை ஏற்றினார். பழைய பெட்டிகளில் படத்தை வரைவது மின்னணுக் கற்றை. காந்தம் அதனை வளைக்கும். காந்தத்தை நகர்த்தினால் திரையில் ஒளி நெளிந்து புதிய கோலம் கொள்ளும். வாளாவிருந்து பார்ப்பவரும் படத்தை மாற்ற இயலும் என்பதே அதன் கருத்து. 1974இல் இவர் படைத்த 'தொலைக்காட்சிப் புத்தர்' என்னும் அமைப்பில், புத்தர் சிலை ஒளிப்படக் கருவி காட்டும் தன் உருவத்தையே திரையில் நோக்கியிருக்கும். இவருடைய படைப்புகள் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடத்திலும் இடம்பெற்றன.

ஒருவர் கருவிக்குப் பின்னுள்ள கையைக் காட்டினார். மற்றவர் பார்ப்பவரின் கையையே கருவிமேல் வைத்தார். இன்று மாணவர் எழுத்தைப் படிக்கும் முன்பே படத்தைப் பார்த்து வளர்கின்றனர். ஆகவே ஒரு படத்தைக் கண்டதும், எடுத்தவர் யார், எங்கு நின்று எடுத்தார், எதனை விட்டுவிட்டார் என்னும் மூன்று வினாக்களை எழுப்பப் பழக்குதல் நன்று. எழுத்தறிவோடு பட அறிவும் சேர்ந்தாலன்றிக் கல்வி நிறைவுறாது.