பழைய கம்ப்யூட்டரா, புதிய கம்ப்யூட்டரா? கடைக்கு எது கட்டுபடியாகும்?

சிங்காநல்லூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு யோசனை கேட்டார். “ஏனுங்கண்ணா, காந்திபுரத்துல ஆபீஸ்ல ஓடின கம்ப்யூட்டர் ஒண்ணு பன்னெண்டாயிரத்துக்குச் சொல்றாங்க. புதுசு வாங்கினா முப்பதாயிரம் பக்கம் வருதுங்க. பில் போடறதுக்குப் பழசு போதாதுங்களா?”

கேள்வி அவருடையது மட்டுமல்ல. நம் உறுப்பினர்களில் பலரும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த இலவசப் பாதுகாப்புச் சேவையை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. கட்டணம் செலுத்தும் தொழில் நிறுவனங்களுக்கு மட்டும் அதிகபட்சம் 2028 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு என்று அறிவித்தது. இதனால் பெரிய கம்பெனிகள் தங்கள் பழைய பெட்டிகளை மொத்தமாக விற்றுத் தள்ளின. அவைதான் சுற்றி வளைத்து நம் ஊர்க் கடைகளுக்கும் வருகின்றன.

பழைய சாமான் என்றால் முகம் சுளிக்கும் ஊர் அல்ல நம் ஊர். சோமனூர் பக்கம் பழைய தறியை வாங்கி ஓட்டிப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். எரிந்த மோட்டாரை ரீவைண்டிங் செய்து மறுபடி கிணற்றில் இறக்கும் ஊர் இது. ஆனால் தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தறி தேய்ந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். கம்ப்யூட்டரோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உதவாததாகிவிடும். அதை ஓட்டும் மென்பொருளைச் செய்தவர் கைவிட்டால் தீர்ந்தது.

‘ஐ5’ என்றால் எந்த ஐ5?

அன்பருடன் நாமும் கடைக்குப் போய்ப் பார்த்தோம். பெட்டி பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. “ஐ5 சார், 8 ஜி.பி. மெமரி” என்றார் விற்பவர். பொய் இல்லை. ஆனால் அந்த ஐ5-க்குப் பின்னால் வரும் எண்தான் விஷயம். பார்த்தால் 4570 என்று இருந்தது. முதல் எண் 4. அதாவது நான்காம் தலைமுறை, 2013-ல் வந்த பிராசசர். 8500 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை, 2018-ல் வந்தது.

விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்கும் இன்டெல் பிராசசர்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. ‘டி.பி.எம். 2.0’ என்னும் பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும். 7500-க்கும் 8500-க்கும் எழுத்தில் ஒரே ஓர் எண்தான் வித்தியாசம். ஆனால் ஒன்று வாசலுக்கு வெளியே, மற்றது உள்ளே.

“அதுக்கென்ன, இதிலேயே 11 போட்டுத் தர்றோம்” என்றார் விற்பவர். போட முடியும், அதற்குக் குறுக்கு வழிகள் உண்டு. ஆனால் அப்படிப் போட்ட பெட்டிக்குத் தொடர்ந்து அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் உறுதி அளிப்பதில்லை. வங்கிக் கணக்கையும் ஜி.எஸ்.டி. தளத்தையும் திறக்கிற பெட்டிக்கு இந்த ஏற்பாடு சரிப்படாது. ஆகவே நான்காம் தலைமுறைப் பெட்டி எட்டாயிரத்துக்குக் கிடைத்தாலும் வேண்டாம் என்பது நம் கருத்து. பன்னிரண்டாயிரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

புதிது என்ற பெயரில் பழையது

இதைவிட மோசமான இன்னொரு சரக்கும் சந்தையில் இருக்கிறது. ‘புத்தம் புது அசெம்பிள்டு ஐ5, ஒரு வருட வாரண்டி’ என்று மிக மலிவாக விளம்பரம் செய்வார்கள். கேபினெட் புதிது, மதர்போர்டும் புதிது. ஆனால் அந்த மதர்போர்டில் இருக்கும் ‘எச்61’ சிப்செட் 2011-ல் வந்தது. அதில் பொருத்தியிருக்கும் பிராசசர் வேறு எங்கோ ஓடிக் களைத்தது. இரண்டாம், மூன்றாம் தலைமுறைச் சரக்கு இது. பழையது என்று சொல்லிப் பழையதை விற்பவரை நம்பலாம். இவரிடம் பில்லில் பிராசசரின் முழு எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள், அங்கேயே பேச்சு மாறிவிடும்.

நமக்கு நேர்ந்தது

அறிவுரை சொல்வதற்கு முன் நம் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறோம். 2019-ல் நம் கடைக்கு ஒரு பழைய பெட்டி வாங்கினோம். ஏழாயிரம் மிச்சம் என்று மகிழ்ச்சி. பிராசசருக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு மாதம் 18-ஆம் தேதி மாலை ‘டக் டக்’ என்று சத்தம் போட்டு நின்றுபோனது. 20-ஆம் தேதி 3பி ரிட்டர்ன் போட வேண்டும். பென் டிரைவில் எடுத்து வைத்த நகல் ஒன்பது நாளுக்கு முந்தையது. கார்பன் பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, கணக்குப்பிள்ளையும் நாமுமாக இரண்டு இரவு விழித்து அத்தனை பில்லையும் திரும்ப ஏற்றினோம். மூன்று பில்லுக்குப் பிரதியே கிடைக்கவில்லை. அவற்றில் ஒன்று கடன் பில். அந்த வாடிக்கையாளர் நாணயமானவர், தாமாகவே தொகையைச் சொன்னார். எல்லோரும் அப்படி இருப்பார்களா?

எனவே பழைய பெட்டி எதுவானாலும் அதில் உள்ள டிஸ்க்கை நம்பக் கூடாது. புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றை நாமே வாங்கிப் போட வேண்டும். பழைய பெட்டியின் வேகம் கூடுவதும் பெரும்பாலும் இதனால்தான். மெமரி கூட்டுவதற்கு முன் விலை விசாரித்துக்கொள்ளுங்கள். 2025 கடைசியில் உலகமெங்கும் மெமரி விலை கடுமையாக ஏறியது. பவர் சப்ளையின் மின்விசிறிச் சத்தத்தையும், மதர்போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தேதி நேரம் தானாக மாறினால் பயப்பட வேண்டாம். நாணயம் போன்ற சிறு பேட்டரி தீர்ந்திருக்கும், மாற்றினால் சரி. விண்டோஸ் ஒரிஜினல்தானா என்பதை செட்டிங்ஸில் ‘ஆக்டிவேஷன்’ பகுதியில் பாருங்கள். அங்கே சரி என்று காட்டினால் மட்டும் போதாது, மலிவு கீ போட்டும் அப்படிக் காட்ட வைக்கலாம். பெட்டியோடு வந்த லைசென்ஸ்தானா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

புதிய மலிவுப் பெட்டியின் குறைகள்

மலிவு விலையில் வரும் புதிய பெட்டிகளில் பல, 2023-ல் வந்த ‘என்100’ என்னும் இன்டெல் பிராசசரில் ஓடுகின்றன. உள்ளங்கை அளவுப் பெட்டி, சத்தம் குறைவு, மின்சாரம் மிகக் குறைவு, கரண்ட் போனால் அதே யு.பி.எஸ்.-ல் கூடுதல் நேரம் தாங்கும். வேகத்தில் அந்த 4570-க்குச் சளைத்ததல்ல. ஆனால் 8500-க்கு ஈடாகாது. பில்லுக்கும் டாலிக்கும் தாராளமாகப் போதும். சில மாடல்களில் மெமரியைப் போர்டோடு பற்றவைத்து விடுகிறார்கள், பின்னால் கூட்ட முடியாது. எஸ்.எஸ்.டி.க்குப் பதில் ‘இஎம்எம்சி’ என்று இருந்தால் தவிர்த்துவிடுங்கள். வேகமும் இல்லை, பழுதானால் மாற்றவும் வழியில்லை.

விலையை வரியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 25,000 ரூபாய்ப் பெட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 4,500 சேர்ந்து 29,500 ஆகிறது. நம் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டு பில் வாங்கினால், ரெகுலர் முறையில் இருப்பவர்கள் அந்த 4,500-ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் வியாபாரிகளுக்கு அது இல்லை. பழைய பெட்டிக்கு வரியைத் தனியே காட்டிய பில் அநேகமாகக் கிடைப்பதில்லை, ஆகவே கழிவும் இல்லை. எட்டாம் தலைமுறைப் பழைய பெட்டி ஒன்றுக்கு அதே கடையில் 17,000 சொன்னார்கள். அன்பர் நினைத்த 18,000 வித்தியாசம் இப்போது 8,000-க்கு வந்துவிட்டது. மின்சாரத்தில் பழையது 25 வாட் கூடுதலாக இழுப்பதாக வைத்து, நாளுக்குப் பத்து மணி நேரம், 300 நாள் ஓட்டினால் 75 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றாலும் 750 ரூபாய்தான். இதை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை.

கணக்குகள் அனைத்தும் இருக்கும் பிரதான பெட்டி என்றால் புதியதையே வாங்குங்கள் என்போம். கவுன்டரில் பில் மட்டும் போடுவதற்கு, பெரிய கம்பெனித் தயாரிப்பில் எட்டாம் தலைமுறைப் பழைய பெட்டி தாராளமாகப் போதும்.

அன்பருக்குத் தேவை கவுன்டர் பெட்டிதான். அதிலும் ஒரு சிக்கல் வந்தது, பிரிண்டர் வடிவில். அவரிடம் இருப்பது மூன்று பிரதி கார்பன் பில் அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ். பட்டையான பேரலல் கேபிள். அவருடைய பில்லிங் புரோகிராம் நேராக ‘எல்.பி.டி.1’-க்கு அனுப்பும் வகை. சிறிய புதுப் பெட்டியில் அந்த வாசலும் இல்லை, கார்டு சொருக இடமும் இல்லை. யு.எஸ்.பி. மாற்றி ஒன்றைப் போட்டுப் பார்த்தோம், பேப்பர் நகரவே இல்லை. எட்டாம் தலைமுறைப் பெட்டியில் பேரலல் போர்ட் கார்டு ஒன்றைச் சொருகினார்கள். முதல் பில்லே சுத்தமாக வந்தது. (டாஸ் காலத்து 16-பிட் புரோகிராம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியும் உதவாது, விண்டோஸ் 11-ல் அது ஓடாது.)

17,000 கேட்டதை 16,000-க்குப் பேசி, புதிய எஸ்.எஸ்.டி.க்கும் கார்டுக்கும் தனியே கொடுத்து, பிராசசர் எண்ணையும் மூன்று மாத வாரண்டியையும் பில்லில் எழுதி வாங்கினார். கூடவே இரண்டு பென் டிரைவ். ஒன்று கடையில் இருக்கிறது. மற்றது ஒவ்வொரு நாள் இரவும் அவருடைய சட்டைப் பையில் வீட்டுக்குப் போகிறது.