டயர் எங்கே உரசுகிறது?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி வந்த மறுநாள் காலை, எதிர்வீட்டுத் தம்பி தன் ஸ்விஃப்டைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தினான்.

"அண்ணே, வளைவுல முழுசா ஒடிச்சா முன்னாடி கர்ர்னு சத்தம். நாலு பேர் உட்கார்ந்து பள்ளத்துல இறங்கினா பின்னாடி தேய்க்குது. டிங்கர் கடையில மட்கார்டைத் தட்டி ஒதுக்கித் தரேங்கறாங்க. விட்டுடவா?"

"இன்னிக்கு விடாதே. டீ வருது, உட்காரு" என்றேன்.

இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்களில் பலர் தகட்டைத் தட்டுவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். கம்பெனியில் இருந்து வந்த பெயின்ட்டோடு நல்ல நிலையில் இருக்கும் தகடு அது. டயர் ஏன் அதுவரைக்கும் வந்தது என்று பார்க்காமல் அதன் மேல் சுத்தியலை வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

டீ ஆறுவதற்குள் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடிக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு முன் சக்கரத்தின் அருகே குந்தினேன். சக்கரத்துக்கு மேலே குடை மாதிரி வளைந்திருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கை லைனர் என்பார்கள். மண் படிந்து வெளிறிக் கிடந்த அந்த லைனரின் பின்மூலையில், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் துடைத்துவிட்டது போலப் பளபளத்தது. பென்சில் எழுத்தை அழித்தால் உதிருமே, அதே மாதிரி கறுப்புத் துகள் அதன் ஓரத்தில் ஒட்டியிருந்தது. பின் சக்கரத்தில் வேறு விதம். தகட்டின் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கும் இடத்தில் பெயின்ட் போய் வெள்ளையாகத் தெரிந்தது. டயரின் தோளில் நகத்தால் கீறியது போல ஒரு கோடு சுற்றிலும் ஓடியது.

இந்தத் தடங்களைப் படித்தால் பாதி வேலை முடிந்தது. முழு ஒடிப்பில் மட்டும் முன்னால் உரசினால் டயர் பெரிதாகிவிட்டது, அல்லது லைனரின் கிளிப் கழன்று பிளாஸ்டிக் தொங்குகிறது. ஆள் ஏறினால் மட்டும் பின்னால் உரசினால் சக்கரம் வெளியே தள்ளியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. நேராகப் போகும்போதே உரசினால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

"டயர் மாத்தினியா?" என்றேன்.

"ஆமாண்ணே. ஆனா சைஸ் அதேதான். முன்னாடியும் 65, இப்பவும் 65. கொஞ்சம் அகலம் மட்டும் கூட."

காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துத் திருப்பிப் போட்டேன். பலரும் ஏமாறுகிற இடம் இது, அதனால் நிதானமாகவே போட்டுக் காட்டினேன். பழைய டயர் 185/65 ஆர் 15. இதில் 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது சதவீதம். அந்த அகலத்தில் 65 சதவீதம்தான் டயரின் பக்கச் சுவர் உயரம். 185-ல் 65 சதவீதம் 120 மி.மீ. ரிம்முக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 240. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. கூட்டினால் மொத்த விட்டம் சுமார் 621.

அவன் போட்டிருப்பது 205/65 ஆர் 15. 205-ல் 65 சதவீதம் 133. இரண்டு பக்கமும் 266, ரிம் 381, மொத்தம் 647. அகலத்தைக் கூட்டியதும் உயரமும் சேர்ந்து கூடிவிட்டது. விட்டத்தில் 26, ஆரத்தில் 13 மி.மீ. அதிகம். முன் லைனரில் பளபளத்த பட்டை அந்த 13 மி.மீட்டர்தான். 205 அகலம்தான் வேண்டும் என்றால் 205/60 கேட்டிருக்க வேண்டும். அதன் விட்டம் 627, பழையதற்குக் கிட்டத்தட்ட சமம். இன்னொன்றும் உண்டு. சக்கரம் 4 சதவீதம் பெரிதானதால் மீட்டரில் 80 காட்டும்போது வண்டி 83-ல் போகிறது.

அடுத்து ரிம். அலாய் வீலின் உள்பக்கத்தில் ஈ.டி. என்று போட்டுப் பக்கத்தில் ஓர் எண் பொறித்திருப்பார்கள். ஜெர்மன் சொல்லின் சுருக்கம் அது. ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து, ஹப்பில் போய் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற கணக்கு. எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். இவனுடைய பழைய ரிம்மில் 45, புது ரிம்மில் 35. சக்கரம் மொத்தமாக 10 மி.மீ. வெளியே வந்துவிட்டது. டயரும் பக்கத்துக்கு 10 மி.மீ. தடித்துவிட்டது. ஆகவே உள்பக்கம் பழைய இடத்திலேயே இருக்க, வெளிப்பக்கம் 20 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆள் ஏறி ஸ்பிரிங் அமுங்கினால் பின் விளிம்பு டயரின் தோளில் இறங்காமல் என்ன செய்யும்?

"ஸ்பேசர் போட்டா சரியாகும்னு ஒருத்தர் சொன்னாருண்ணே."

ஸ்பேசர் சக்கரத்தை இன்னும் வெளியேதான் தள்ளும். உள்ளே ஸ்ட்ரட்டில் உரசினால் அது உதவலாம். இவனுக்கு உரசுவது வெளியே. காற்றைக் கூட்டி வைப்பது, ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் ரப்பரைச் செருகுவது, இதெல்லாம் நாலு நாள் சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

டயரே மாற்றாத வண்டியும் திடீரென்று உரசத் தொடங்கும். அப்போது ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது என்று அர்த்தம். என் பழைய வண்டி ஒரு மழைக்காலத்தில் இடது முன்பக்கம் மட்டும் உரசியது. ஒரு பட்டறையில் அதற்கும் தகட்டைத் தட்டிவிடலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்து, சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் இருந்து நேர் மேலே ஆர்ச் விளிம்பு வரை டேப் பிடித்தேன். வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் 2 செ.மீ. குறைவு. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று துருப்பிடித்து முறிந்து, அடித்தட்டில் கிடந்தது. தட்டியிருந்தால் சத்தம் நின்றிருக்கும், முறிந்த ஸ்பிரிங்கோடு நான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருப்பேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. ஸ்பிரிங்கை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும்.

பள்ளத்தில் பலமாக விழுந்த வண்டியில் லோயர் ஆர்ம் வளைந்திருக்கலாம். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளியை இடமும் வலமும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

தகட்டைத் தொடவே கூடாதா என்று தம்பி கேட்டான். தொடலாம், கடைசியாக. விளிம்பின் உள்மடிப்பை இன்னும் மேலே மடித்துவிட்டால் சில மி.மீ. இடம் கிடைக்கும். அதற்குச் சுத்தியல் கூடாது. ஹப்பில் மாட்டும் உருளைக் கருவி இருக்கிறது. ஹீட் கன்னால் பெயின்ட்டைச் சூடாக்கி இளக்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி மடிப்பார்கள். குளிர்ந்த தகட்டை மடித்தால் பெயின்ட் வெடிக்கும். பட்டி பார்த்த தகடு என்றால் பாளம் பாளமாக உதிரும். முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது, கெட்டால் புதிது மாட்டலாம். பின்பக்கம் பாடியோடு சேர்த்து வெல்டிங் செய்தது. அங்கே இரண்டு தகடுகளை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போனால், தண்ணீர் உள்ளே இறங்கி வெளியே தெரியாமல் துருவேறும்.

டயரில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். பக்கச் சுவர் தேய்ந்து உள்ளே நூல் தெரிந்தால் அந்த டயர் முடிந்தது. பக்கச் சுவருக்கு நம்பகமான பஞ்சர் வேலை கிடையாது. சக்கரத்தின் பின்னால் போகும் பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். ஒயரையும் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். நல்லவேளை, இரண்டிலும் கீறல் இல்லை.

"பழைய ரிம்மை என்ன பண்ணினே?"

"மொட்டை மாடியில இருக்குண்ணே, டயரோட. விக்கலாம்னு வச்சிருந்தேன்."

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் 185/65 ஆர் 15 என்று இருப்பதைக் காட்டினேன். பழைய டயர்களில் பள்ளம் இன்னும் நன்றாகவே இருந்தது. மதியத்துக்குள் நான்கையும் மாட்டினோம். கழன்றிருந்த லைனர் கிளிப் இரண்டையும் புதிதாகப் போட்டோம். பிறகு உரசல் தடம் இருந்த நான்கு இடங்களிலும் சாக்பீஸால் அழுத்திக் கோடு போட்டுவிட்டு, அவன் அப்பா, அம்மா, தங்கை மூவரையும் ஏற்றி, தெருமுனை ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டி, மைதானத்தில் இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து வட்டம் போட்டுவிட்டு வரச் சொன்னேன்.

திரும்பி வந்ததும் அவனே டார்ச்சை வாங்கிக்கொண்டு குனிந்தான். நான்கு கோடும் வெள்ளையாக அப்படியே இருந்தன.