விளக்குக் கண்ணாடி வியாபாரம்: சரக்கோடு காகிதத்தையும் சரிபார்ப்போம்

பேன்சி ஸ்டோர் அலமாரி மாறிவிட்டது. சீப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி, பவுடர் டப்பா, ரிப்பன் இருந்த இடத்தில் இன்று சுற்றிலும் எல்.இ.டி. எரியும் மேக்கப் கண்ணாடி, விளக்கு வைத்த புருவப் பிளக்கர், நகவெட்டி, காது குடையும் குச்சி என்று பலவகைச் சரக்குகள் வந்துவிட்டன. விலை குறைவு, கிராக்கி அதிகம், இடத்தையும் அடைப்பதில்லை. முகூர்த்த மாதங்களில் பெட்டி பெட்டியாகப் போகின்றன.

ஆனால் சீப்பு வாங்குவதுபோல் இவற்றை வாங்க முடியாது. உள்ளே பேட்டரி இருக்கிறது. சால்டரிங் ஈயம் இருக்கிறது. சாயம் கலந்த பிளாஸ்டிக்கும் முலாம் பூசிய உலோகமும் இருக்கின்றன. இவை முகத்திலும் காதிலும் படுபவை. குழந்தைகள் கையில் எளிதில் அகப்படுபவை. "சர்டிபிகேட் உண்டா?" என்று கேட்டால் சப்ளையர் உடனே வாட்ஸ்அப்பில் நாலு காகிதம் அனுப்பிவிடுகிறார். அந்தக் காகிதம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை நாம் படித்தறிய வேண்டும்.

எந்தக் காகிதம் எதற்கு?

ஐ.எஸ்.ஓ. 9001 என்பது தொழிற்சாலையின் நிர்வாக முறைக்குத் தரப்படுவது, பொருளுக்கு அல்ல. எப்.சி.சி. என்பது அமெரிக்காவில் ரேடியோ அலைகளுக்கு இடையூறு வராதிருப்பதற்கான விதி. எம்.எஸ்.டி.எஸ். என்பது பேட்டரியையோ ரசாயனத்தையோ எப்படிக் கையாள வேண்டும் என்ற விவரத்தாள் மட்டுமே, சான்றிதழ் அல்ல. யு.என். 38.3 என்பது லித்தியம் பேட்டரியைக் கப்பலிலும் விமானத்திலும் அனுப்புவதற்கான சோதனை. சி.இ. முத்திரை ஐரோப்பியச் சந்தைக்கானது. பெரும்பாலான பொருட்களுக்குத் தயாரிப்பாளர் தம் பொறுப்பிலேயே அதைப் பதித்துக் கொள்கிறார்.

மூலப்பொருளைப் பற்றிப் பேசுவது ஆர்.ஓ.எச்.எஸ். சோதனை அறிக்கை. ஐரோப்பாவில் 2006 ஜூலை 1 முதல் அமலில் உள்ள விதி இது. ஈயம், பாதரசம், ஆறு இணைதிறன் குரோமியம், தீப்பிடிக்காமல் இருக்கப் பிளாஸ்டிக்கில் சேர்க்கும் இருவகைப் புரோமின் ரசாயனங்கள் ஆகியவை எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காட்மியத்துக்கு இன்னும் கடுமை: 0.01 சதவீதம். பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் நான்கு தாலேட் ரசாயனங்கள் 2019 ஜூலையில் சேர்க்கப்பட்டன. நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளும் பட்டியலிட்ட மின்சாதனங்களில் முதல் ஆறு பொருட்களுக்கு இதே அளவைத்தான் விதிக்கின்றன.

இந்த அறிக்கை கைக்கு வந்தால் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்: தொழிற்சாலையின் பெயர், மாடல் எண், பொருளின் போட்டோ, தேதி. இவை நம் பெட்டியில் உள்ள சரக்கோடு பொருந்தாவிட்டால் அது வேறு யாருடைய காகிதமோதான். சோதனைக்குக் கொடுத்த மாதிரிக்கு மட்டுமே அறிக்கை செல்லும் என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். கண்ணாடிச் சட்டத்தின் வெள்ளைப் பிளாஸ்டிக்கைச் சோதித்திருந்தால், ரோஸ் நிறப் பிளாஸ்டிக்குக்கும் உள்ளே உள்ள சால்டரிங்குக்கும் அது பதில் சொல்லாது.

பட்டன் செல் விஷயத்தில் கவனம்

சிறிய விளக்குச் சாமான்கள் பலவற்றில் இருப்பது பட்டன் செல். சி.ஆர். 2032 என்றால் குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகிச் சதையை அரிக்கிறது. இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் ஏற்பட்டுவிடும். விளக்கு எரியாத பழைய செல்லும் ஆபத்தானதே. வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய விஷயம் இது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ரீஸ் என்ற 18 மாதக் குழந்தை ரிமோட்டிலிருந்த பட்டன் செல்லை விழுங்கி 2020 டிசம்பரில் இறந்தது. 2022 ஆகஸ்டில் அக்குழந்தையின் பெயராலேயே சட்டம் வந்தது. செல் இருக்கும் மூடி, திருப்புளியோ நாணயமோ இல்லாமல் திறக்கக் கூடாது. அல்லது ஒரே நேரத்தில் இரண்டு வேறு அசைவுகள் செய்தால்தான் திறக்க வேண்டும். இது அமெரிக்கச் சட்டம்தான். ஆனால் இந்தச் சோதனையை நம் கடை மேஜையிலேயே ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம். நகத்தால் நெம்பினாலே மூடி கழன்றுவிடும் சரக்கை, எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று தள்ளிவிடுவதே நல்லது.

நம் நாட்டு முத்திரை

சார்ஜ் செய்யும் கண்ணாடி என்றால், உள்ளே உள்ள லித்தியம் பேட்டரியும் கூட வரும் அடாப்டரும் பி.ஐ.எஸ். கட்டாயப் பதிவில் அடங்குபவை. முத்திரையின் கீழே R என்ற எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால், எந்தத் தொழிற்சாலை, எந்த பிராண்டு என்பது தெரிந்துவிடும். பேட்டரிக்குப் பெற்ற எண் கண்ணாடி முழுவதற்கும் சான்று ஆகாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

குழந்தைகள் விளையாடும் விளக்கு வைத்த 'மேக்கப் செட்' என்றால் அது பொம்மைக் கணக்கில் சேரும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கட்டாய முத்திரை உள்ள சரக்கை அது இல்லாமல் விற்றால், தயாரித்தவர் மட்டுமல்ல, விற்றவரும் குற்றவாளியே.

பெயரில்லாச் சரக்கு யார் தலையில்?

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவை நம் வணிகர்கள் ஒருமுறையேனும் படிக்க வேண்டும். பொருளால் தீங்கு நேர்ந்து, தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டாலோ, தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டாலோ, நம் நாட்டு உத்தரவை அவர்மீது நிறைவேற்ற வழியில்லாவிட்டாலோ, நஷ்ட ஈட்டுப் பொறுப்பு விற்றவர் மேல் வரலாம். கவனித்துப் பார்க்கத் தவறினாலும், எச்சரிக்கையை வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விட்டாலும் அப்படியே. ஒரு பீஸில் ஐந்தும் பத்தும் லாபம் பார்க்கும் சில்லறைக் கடைக்காரரால் இதைத் தாங்க முடியுமா? அட்டையில் பெயரில்லாத சரக்கு என்பது, நம் கடையின் பெயரையே அதில் ஒட்டிக்கொள்வதற்குச் சமம்.

ஆகவே கொள்முதலில் இவற்றை வழக்கமாக்கிக் கொள்வோம்:

1. அட்டையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதம் – வருடம், எம்.ஆர்.பி., புகார் சொல்ல வேண்டிய இடம் ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும்.

2. பில்லில் மாடல் எண் இருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் வாங்கிய சரக்குக்கு நாளை யாரும் பொறுப்பேற்க மாட்டார்.

3. சோதனை அறிக்கையின் எண்ணைக் கொடுத்து, அதைத் தந்த ஆய்வுக் கூடத்திலேயே நேரில் உறுதிசெய்து கொள்ள வேண்டும்.

4. சாம்பிள் பீஸ் ஒன்றைத் தேதி போட்டு எடுத்து வைத்து, லாட் வந்ததும் ஒப்பிட வேண்டும். சாம்பிள் ஒன்று, சரக்கு வேறு என்பது இந்த லைனில் சாதாரணம்.

5. பி.ஐ.எஸ். உத்தரவுகள் அடிக்கடி மாறுவதால், ஒவ்வொரு பெரிய ஆர்டருக்கு முன்பும் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும்.

தனி ஒருவர் சோதனைக் கூடத்துக்குப் போனால் செலவு கையைக் கடிக்கும் என்பது உண்மையே. ஒரே மாடலை எடுக்கும் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற கூடத்தில் ஒரு பீஸைச் சோதித்தால், ஆளுக்குப் பத்தில் ஒரு பங்குதான் விழும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதற்கு ஒரு ஏற்பாடு செய்யுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். சீசன் சரக்குக்கு ஆர்டர் போடுவதற்கு முன்பே இது நடந்தால் எல்லோருக்கும் நல்லது.